எட்டாம் அறைப் புருஷன்

அலெய்டா முதல் தடவை ஊசி கேட்டபோது ரூலாஃப் பாலாடைக்கட்டி ரொட்டியில் பாதியை வாயில் வைத்திருந்தான். பதில் சொல்லும் அவசரத்தில் விழுங்கப் போய்ப் புரையேறிவிட்டது. பிரசவ அறைக்குள் அப்போதுதான் வந்த நர்ஸ் பெர்டீனா, வலியில் துடித்துக்கொண்டிருந்த மனைவியை விட்டுவிட்டு, முதலில் புருஷனின் முதுகில் நாலு தட்டுத் தட்ட வேண்டியதாயிற்று.

"முதுகுல போடுவாங்களே, வலி தெரியாம இருக்க. அந்த ஊசிய கேளு," என்றாள் அலெய்டா மறுபடியும்.

"மாட்டேன்," என்றான் ரூலாஃப், இருமலுக்கு நடுவே. சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து அவள் முகத்தைப் பார்த்தான்.

பாராட்டு வரவில்லை. அடுத்த வலிதான் வந்தது. பெர்டீனா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

அவன் பேரில் தப்பில்லை. இரண்டு மாதம் முன்பு, நூலகத்து மாடியில் நடந்த கர்ப்பிணிகள் வகுப்பில், எட்டு ஜோடிகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, அலெய்டாவே தன் வாயால் சொன்னாள்: "நான் கேட்டாலும் குடுக்க விடாதே. கெஞ்சினாலும் விடாதே." எல்லோரும் கை தட்டினார்கள். ரூலாஃபுக்குப் பூரிப்பில் காது சிவந்துவிட்டது. அன்று ராத்திரி முழுக்க அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்து போனான்.

ஆசென் ஊரில் பிள்ளை பெறுவதை அப்படியொன்றும் பெரிதுபடுத்த மாட்டார்கள். வீட்டுக் கட்டிலில், மருத்துவச்சி பக்கத்தில் இருக்க, பல்லைக் கடித்துக்கொண்டு பெற்றுவிட வேண்டியது. அலெய்டாவின் அம்மா ஹெண்ட்ரிக்கா ஐந்து பெற்றவள். ஐந்தும் வீட்டில். மூன்றாவது பிள்ளைக்கு வலி எடுத்தபோது ராத்திரிச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாளாம். உரித்து முடித்துவிட்டுத்தான் படுத்தாளாம். இந்தக் கதையைக் கேட்காமல் அந்த வீட்டில் யாரும் காப்பி குடித்து முடித்தது கிடையாது.

ரூலாஃபும் தன் பங்குக்கு ஓக் மரத்தை அறுத்து, இழைத்து, கட்டில் கால்களுக்கு முட்டுக்கட்டைகள் செய்து வைத்திருந்தான். கட்டில் தாழ்வாக இருந்தால் மருத்துவச்சி இடுப்பு ஒடிந்துவிடும், ஆகவே உயர்த்தித்தான் ஆக வேண்டும். கட்டைகளுக்கு மூன்று தடவை எண்ணெய் கூடப் பூசினான். இன்று காலை பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தது. பிள்ளை உள்ளேயே மலம் கழித்துவிட்டது, இனி ஆஸ்பத்திரியில்தான் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். வீட்டில் கட்டில் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

வீட்டில் பெறுவதுதான் போயிற்று, ஊசி போடாமல் பெறுவதாவது மிஞ்சட்டும் என்று ரூலாஃப் கங்கணம் கட்டிக்கொண்டான். அதற்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவன் நகராட்சி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவன். கையில் நீளக் கம்போடு கரையிலேயே நடப்பான். "முடியல மாஸ்டர்" என்று எந்தக் குழந்தை அழுதாலும் கம்பை நீட்ட மாட்டான். உண்மையிலேயே மூழ்குகிற குழந்தை பேசாது, பேசுகிற குழந்தை மூழ்காது என்பது அவன் தொழிலில் கண்டது. பரீட்சைக்கு வேண்டியபடி சட்டை, கால்சட்டை, ஷூவோடு அத்தனை பேரையும் நீந்த வைத்துச் சான்றிதழ் வாங்கித் தந்திருக்கிறான்.

அலெய்டா இப்போது நன்றாகவே பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு ஒன்றும் கேட்கும்படியாக இல்லை.

தண்ணீர் கொடுத்தான். தட்டிவிட்டாள். வகுப்பில் கற்றபடி இடுப்பைப் பிடித்துவிட்டான். "கைய எடு" என்றாள். "மூச்ச இழுத்து விடு, குளத்துல சொல்வேன்ல, அப்படி" என்றான். அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. கடைசியாக ஒரு யோசனை தோன்றியது. மாமியாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மகளுக்கு நாலு வார்த்தை தைரியம் சொல்லச் சொன்னான்.

ஹெண்ட்ரிக்கா உருளைக்கிழங்கில் ஆரம்பித்தாள்.

மூன்றாவது கிழங்கை உரிப்பதற்குள் போன் சுவரில் மோதிக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அங்கிருந்தும் மாமியாரின் குரல் வந்துகொண்டேயிருந்தது. அவன் மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, "அத்தை, அப்புறம் பேசுறேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் பெர்டீனா திரும்பி வந்தாள்.

அவள் ரூலாஃபின் பின்புறத்தைச் சட்டை செய்யவில்லை. நேராக அலெய்டாவிடம் போய்க் குனிந்தாள். "இங்க பாரும்மா, இது உன் உடம்பு. ஊசி வேணுமா, வேண்டாமா? நீ சொல்லு, அது போதும்."

ரூலாஃப் கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். அலெய்டா அவன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வேண்டாம்," என்றாள்.

பெர்டீனாவும் அவனைப் பார்த்தாள். சாலையில் நாயை உதைக்கிறவனை அப்படித்தான் பார்ப்பார்கள். ரூலாஃபுக்கு மறுபடி கட்டிலுக்கு அடியிலேயே போய்விடலாம் போலிருந்தது. ஒப்பந்தத்தை விளக்கலாமென்று, "அவதான் சொன்னா, கெஞ்சினாலும் விடாதேன்னு" என்று ஆரம்பித்தான். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமாக ஒலிக்கிறது என்று அவனுக்கே உறைத்தது.

"ஓஹோ," என்றாள் பெர்டீனா.

ரூலாஃப் காப்பி குடிக்கத் தாழ்வாரத்துக்குப் போனான். காப்பி இயந்திரத்தடியில் ரப்பர் செருப்போடு நின்றிருந்த ஒருவர், பக்கத்து அறை அப்பா போலிருக்கிறது, அவனுக்காக நகர்ந்து இடம் விட்டார். "நீங்கதான் எட்டாம் நம்பரா?" என்று கேட்டார். ரூலாஃப் ஆமாம் என்றான். "ஊசி கூடாதுன்னு நிக்கிறவரு?" என்றார். அது நீண்ட கதை என்றான் ரூலாஃப். "இருக்கும், இருக்கும்," என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் காப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், சர்க்கரை கூடப் போடாமல்.

ரூலாஃப் காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். போன வருஷம் கடைவாய்ப் பல்லில் ஓட்டை அடைக்கப் போனபோது அவன் ஒன்றுக்கு இரண்டு ஊசி கேட்டு வாங்கிக்கொண்டவன். டாக்டர் கருவியை இயக்குமுன்பே கத்தியவன். அது நினைவுக்கு வந்ததும் காப்பி கசந்தது. யார் வலியை யார் தாங்கச் சொல்லிக் கம்பும் கையுமாக நிற்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் இப்போது வாக்கை மீறினால் நாளைக்கு அலெய்டா என்ன சொல்வாள்? ஆயுசுக்கும் உருளைக்கிழங்குக் கதை கேட்கும்போதெல்லாம் அவனைத்தானே பார்ப்பாள்?

அறைக்குத் திரும்பியபோது அலெய்டா தலையணையைப் பற்களால் கடித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் விட்டுவிட்டு, "ரூலாஃப், ரஸ்க்க மறந்துட்டோம்," என்றாள்.

பிள்ளை பிறந்ததும் பார்க்க வருகிறவர்களுக்கு வெண்ணெய் தடவிய ரஸ்க்கில் சோம்பு மிட்டாயைத் தூவிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிள்ளை பிறந்ததாகவே அங்கே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டப்பா வீட்டு அலமாரியில் இருந்தது.

"இப்பவா?" என்றான்.

"இப்பவேதான். நர்ஸுங்களுக்கெல்லாம் குடுக்கணும்ல. போ. மெதுவாவே ஓட்டிட்டு வா, அவசரமில்ல."

இவ்வளவு வேதனையிலும் விருந்தாளியை நினைக்கிறாளே என்று ரூலாஃப் உருகிப்போனான். காரில் அழுதான். வீட்டில், அந்தரத்தில் நின்ற கட்டிலைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தால், பையனுக்கு நீலமா, பெண்ணுக்கு ரோஜா நிறமா என்று தெரியாமல் இரண்டு நிற மிட்டாயும் வாங்கி வைத்திருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டான். வெண்ணெயை மறந்தான். பாதி வழியில் திரும்பிப் போய் எடுத்தான்.

மூச்சிரைக்க வந்து அறைக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அலெய்டா கழுத்துவரை போர்த்திக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கையில் மருந்துத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளையின் துடிப்பைக் காட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தில் வலியின் கோடு மலை மலையாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு மலைக்கும் ரூலாஃப் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனகினான். அலெய்டா கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

மூழ்குகிற குழந்தை பேசாது. அதுதான் அவன் மனசில் ஓடியது. அவன் கண் முன்னாலேயே அவள் சத்தமில்லாமல் மூழ்கிக்கொண்டிருக்கிறாள், அவன் கம்பை நீட்டாமல் மிட்டாய் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறான்.

இன்னொன்றும் அவனைக் குத்தியது. அவள் அவன் முகத்தையே பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்து நன்றி கூடச் சொன்னாள். அவன் கண்ணை மட்டும் தவிர்த்தாள். வெறுத்துவிட்டாள், இனி ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

"அலெய்டா," என்று மெதுவாக ஆரம்பித்தான். "அந்த ஊசி விஷயம்…"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கன்னம் சிவந்துவிட்டது. "அதப் பத்தி மட்டும் பேசாதே ரூலாஃப். தயவுசெஞ்சு பேசாதே."

எவ்வளவு மனவுறுதி இருந்தால் ஆசை காட்டக் கூட வேண்டாமென்பாள். ரூலாஃப் எழுந்து, கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தான். இனி ஒரு மலையைக் கூட அவனால் பார்க்க முடியாது. வாக்காவது, வகுப்பாவது. அவளுக்குத் தெரியாமல் ஊசியைப் போட்டுவிட வேண்டும். அந்தத் தண்ணீர்க் குழாய் வழியே எதையாவது கலந்துவிட்டால் அவளுக்கு எங்கே தெரியப் போகிறது? ஊசி போடாமலே பெற்றதாக அவள் பெருமையும் நிலைக்கும், வலியும் போகும். பாவம் மட்டும் அவனோடு இருக்கட்டும்.

பெர்டீனாவிடம் கேட்க முகம் இல்லை. தாழ்வாரத்தின் மூலையில் பச்சை உடுப்போடு நெட்டையாக ஒருவர் நின்று ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தார். மயக்க மருந்து டாக்டர் என்று மார்பில் அட்டை தொங்கியது. இந்த முகத்தை ரூலாஃப் அதுவரை பார்க்கவில்லை. அந்த டாக்டரும் அவனைப் பார்த்ததில்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

"டாக்டர், எட்டாம் நம்பர் அறை…" என்றான்.

டாக்டரின் புருவம் ஏறியது. "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

ரூலாஃபின் கண் முன்னால் ரப்பர் செருப்புக்காரர் சர்க்கரையை விட்டுவிட்டுப் போனது வந்தது. பெர்டீனாவின் 'ஓஹோ' வந்தது. நாக்கு தானாகப் புரண்டது.

"அண்ணன்," என்றான். "நான் அவளோட அண்ணன்."

டாக்டரின் முகம் இளகியது. ரூலாஃப் சொல்ல வேண்டியதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் கொட்டினான். அவளுக்குத் தெரியவே கூடாது, எப்படியாவது ஊசியைப் போட்டுவிடுங்கள், அவள் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை, எவ்வளவு கெஞ்ச வேண்டுமானாலும் கெஞ்சுகிறேன் என்றான். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. கன்னத்தில் வழிந்ததைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

டாக்டர் வாயிலிருந்த ஆப்பிள் துண்டை விழுங்கிவிட்டு, தாழ்வாரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று இரு பக்கமும் பார்த்துவிட்டு, அவன் தோளில் கை போட்டார்.

"அழாதீங்க. புருஷன ரஸ்க் எடுக்க அனுப்பிட்டு, உங்க தங்கச்சி அப்பவே கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. வகுப்புல ஏதோ ஒரு பேச்சுக்குச் சொல்லப் போக, அந்த மனுஷன் பூரிச்சுப் போயிட்டாராம். விஷயம் தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவாராம். தயவுசெஞ்சு உங்க மாப்பிள்ளை காதுல மட்டும் போட்டுடாதீங்க."