முழங்கால் காவலர்

டல்லாஸில் திலீப்போடு வேலை பார்ப்பவரின் மாமியாரிடம் நாயுடுபேட்டையில் யாரோ சொன்னார்களாம்: வயதானால், உடம்பைக் காக்கவேண்டிய அணுக்களே தசைக்குள் புகுந்து அதைத் தின்றுவிடுமாம். இப்படியொரு செய்தி காதில் விழுந்ததும் விழித்துக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. கடல் தாண்டி வாழும். பெற்றவர்களின் உடம்பைக் கைபேசியிலேயே காவல் காக்கும். முழங்கால் காவலர் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரிந்தவர்தான்.

திலீப் அதில் கலப்படமில்லாத ரகம். புத்தூரில் தனியாக இருக்கும் அம்மா சுலோசனாவுக்கு முழங்காலில் வீக்கம் என்றதும் ஒரு கட்டுரையைத் தேடிப் பிடித்து, பாதிவரை படித்து (முழுதும் படிக்கிற காவலரைப் பார்த்திருக்கிறீர்களா?), வயதான உடம்பில் அழற்சி அணையாத தணலாகக் கனன்றுகொண்டே இருக்கும் என்று தெரிந்துகொண்டு, தணலைக் கிளறாமலிருக்க அசையாமல் இருப்பதே வழி என்று தானாக முடிவுகட்டி, சாய்வு நாற்காலி ஒன்றை அனுப்பி, கூடத்தில் கேமராவும் மாட்டவைத்தான். அம்மா எழுந்தால் டல்லாஸில் மணி அடிக்கும்.

"எதுக்கும்மா எழுந்த?"

"பால் பொங்குதுடா. நீயே அங்கிருந்து அடுப்ப அணைச்சுடுறியா?"

"அழற்சிம்மா. சொன்னா உனக்குப் புரியாது."

"உக்காந்து உக்காந்து தொடை முருங்கக்காயா பூடுச்சு, அது புரியுது. நேத்து சாமி கும்பிட கீழ உக்காந்தேன். பக்கத்து வூட்டு பிரமிளாதான் கைகுடுத்துத் தூக்கிவுட்டா."

"கீழ ஏன் உக்காந்த?"

காவலரின் காது அப்படி. அம்மாவால் எழ முடியவில்லை என்பது அதில் விழாது.

"திருப்பதி மலைக்கு அலிபிரியில படிக்குப் படி மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு ஏறுறதா வேண்டிக்கினு கீறேன்டா. உன் விசாவுக்குத்தான். இப்டியே உக்கார வெச்சா, பெருமாள்தான் எறங்கி வரணும்."

"ஒவ்வொரு படிக்கும் குனிஞ்சு நிமிரணும்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷம் தொடை இருக்குமா? அதை யார் கேட்பது?

பிறகொரு மாலை, மீட்டிங்குக்காகக் கேமரா மணியை அமர்த்திவிட்டு, மீட்டிங் சலிக்கவே, திலீப் கட்டுரையின் மறுபாதியைப் படித்தான். தசை அடிபட்டால் உடம்பைக் காக்கும் அந்த அணுக்கள் வந்து சிதைந்ததைக் கூட்டித் தள்ளும், புதிதாக வளரவும் கைகொடுக்கும். பிறகு அடங்கவேண்டும். வயதான உடம்பில் அவை சரியாக அடங்குவதில்லை. வேலை முடிந்தும் அங்கேயே நின்று நச்சரிக்கும். அவற்றை அமைதிப்படுத்தும் சேதியை அனுப்புவதில் தசைக்கே பங்குண்டு. ஆனால் அளவோடாவது அசைந்தால்தான் அனுப்பும். சும்மா கிடந்தால் தசையும் கரையும், தணலும் அணையாது.

வேலை முடிந்தும் போகாமல் நின்று நச்சரிக்கிற காவல். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது திலீப்புக்கு.

'நடம்மா' என்று சொல்லிவிட அவசரமாக அழைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. கேமராவைத் திறந்தால், விடிந்துகொண்டிருந்த கூடத்தில் நாற்காலி காலி. மலைக்கு வெறுங்காலோடு கிளம்பியவர்களின் செருப்புகள் வாசலில்: ஒரு ஜோடி அம்மாவுடையது, ஒரு ஜோடி பிரமிளாவுடையது. சாமி மாடத்தில் இருந்த மஞ்சள் பொட்டலத்தைக் காணோம்.

சிரிக்கிறீர்களா? நல்லது. நீங்கள் கடைசியாக யாரை "பேசாம உக்காரு" என்றீர்கள்? இதைப் படிக்க நீங்களே உட்கார்ந்து எவ்வளவு நேரமாகிறது? எதற்கும் உங்கள் தொடையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திலீப் மறுபடி அழைக்கிறான். மணி போகிறது. மஞ்சள் அப்பிய கையால் யார் போனை எடுப்பார்கள்?