பிள்ளை சுமக்கும் பையும் மச்சானின் முடிச்சும்

நேராகக் கோடு கீறத் தெரிந்த ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கீறியதையெல்லாம் செய்துவிடலாம் என்று நினைப்பார்கள். பாடசாலையில் தொழில்நுட்பப் பாடம் படிப்பிக்கும் எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான் மகள் பிறந்தாள்.

அவளுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது, என் மனைவி தர்சினியின் ஒரே தங்கைக்குக் கனடாவில் கல்யாணம் நிச்சயமானது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். பெண் வீட்டுப் பக்கம் விசா கிடைத்தது எங்களுக்கு மட்டும்தான்.

"பக்கத்து வீட்டு மிஸ்ஸிட்ட புள்ள தூக்கிற பை ஒண்டு கிடக்காம். கேட்டா தருவா" என்றாள் தர்சினி.

"இரவல் பையிலயா என்ட புள்ள போற?" என்று கேட்டுவிட்டு வரைதாளை விரித்தேன்.

மூன்று நாள் கீறினேன். முன் தோற்றம், பக்கத் தோற்றம், பிள்ளையின் கால் வெளியே வரும் துளைக்குத் தனிப் படம். விமான நிலையத்தில் இரும்பைக் கண்டால் மெஷின் கத்தும் என்று கேள்விப்பட்டிருந்ததால் கொளுக்கி, இழுத்து மூடும் சிப் எதுவும் வைக்கவில்லை. மகள் கைக்கு எட்டியதையெல்லாம் அவிழ்ப்பவள். அதனால் கட்டும் இடத்தை என் முதுகுக்குக் கொண்டுபோனேன். (அந்த யோசனை வந்தபோது என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.) கன்வஸ் துணியை நானே தைத்தேன். கட்டுவதற்கு வலைநூல் முறுக்கித் தந்தவன் தர்சினியின் தம்பி குகன். குருக்கள்மடத்தில் வாவியில் வலை போடுகிறவன்.

"அத்தான், இது எங்கட வலை முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். நனைஞ்சா இன்னும் இறுகும். புள்ள விழவே மாட்டா" என்றான்.

ஏழு கிலோ அரிசியை வைத்துக் கட்டி, கல்முனை வீதிவரை நடந்து காட்டினேன். அரிசி விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் குகன் இரண்டு விரலால் அவிழ்த்துவிட்டான். ஆக, பரிசோதனை வெற்றி.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர் தனியாகப் போவதில்லை. ஒரு வேன் நிறையச் சொந்தம் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை வந்து அழுதுவிட்டுத்தான் திரும்பும். குகனும் வந்தான். வாசலில் வைத்து மகளை என் நெஞ்சோடு சேர்த்து, முதுகில் ஏழு முடிச்சுப் போட்டான். எல்லாரும் அழுதார்கள். நாங்கள் உள்ளே போனோம். குகனுக்கு உள்ளே வர அனுமதி இல்லை.

சோதனை செய்யும் இடத்தில் ஒரு சிங்களப் பெண் அதிகாரி கையை நீட்டினார்.

"மாத்தயா, பேபி வெளிய எடுக்கணும்."

தர்சினி பின்னால் நின்று நூலை இழுத்தாள். இறுகியது. பிள்ளையை மேலால் தூக்கி எடுக்கவும் இடமில்லை. எனக்குப் பயம் வந்தால் முதலில் வியர்ப்பது முதுகுதான். முடிச்சு நனைந்தது. மிச்சம் குகன் சொன்னபடியே நடந்தது.

அவனுக்கே போன் எடுத்தோம்.

"கரைப் பக்கத்து நூலப் புடிங்கக்கா. மறுகா மெல்லத் தள்ளுங்க."

"இஞ்ச கரை எங்கடா இரிக்கி?" என்று கேட்டாள் தர்சினி.

ஒலிபெருக்கியில் எங்கள் விமானத்தைக் கூப்பிட்டார்கள். தர்சினி நூலை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"தங்கச்சி ஒருத்தரும் இல்லாம மணவறையில இரிக்கப்போறாள். உங்கட ஒரு படத்தால."

அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. என் நெஞ்சில் தொங்கியவள் மட்டும் என் மூக்கைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

வெட்டலாமென்றால், ஒரு பிளேடும் இல்லாத இடத்தில் போய் அகப்பட்டிருந்தோம். கடைசியில் அந்த அதிகாரி, பயணிகளிடம் பறித்த சாமான் பெட்டியைக் கிளறி ஒரு கத்தரிக்கோல் எடுத்துவந்தார். "மூச்சு விடாம நில்லுங்க" என்றார். நின்றேன். நூல் என் முதுகோடு ஒட்டி இறுகிக் கிடந்ததால், பையின் அடியில் தொடங்கி மேலே வெட்டிக்கொண்டு போனார். முதலில் இரண்டு கால் வந்தது, பிறகு முழுப் பிள்ளையும் வந்தது. பின்னால் வரிசையில் நின்ற சனம் கைதட்டியது. மகளும் சேர்ந்து தட்டினாள்.

விமானத்தைப் பிடித்துவிட்டோம். கனடா வரைக்கும் அவளை வெறுங்கையால் சுமந்தேன். மணவறையில் தங்கைக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் தர்சினி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. போன மாதம் காய்ச்சலுக்கு மருந்தெடுக்க மட்டக்களப்பில் ஒரு புதிய டொக்டரிடம் போனோம். அவர் பழைய விபரமெல்லாம் விசாரித்தார்.

"பிள்ளை பிறந்தது சுகப்பிரசவமா, சிசேரியனா?"

தர்சினி வாயைத் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள்.

"அம்மாக்குச் சுகப்பிரசவம் டொக்டர். அப்பாக்குத்தான் சிசேரியன்."