ஜெபப் புத்தகத்தில் நாலு பேர்

"நாளைக்கு ஆராதனைல எட்வர்ட்னு ஒரு சத்தம் வந்துதோ, உன் வேலையும் போச்சு, வீடும் போச்சு, டக்வெல்!"

சபை மூப்பர் கர்னல் பிராத்வெயிட் சொல்லிவிட்டுப் போனார். 1936 டிசம்பர், சனிக்கிழமை மத்தியானம். காதலுக்காக இங்கிலாந்தின் எட்வர்ட் அரசர் மகுடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய் ஒருநாள்தான் ஆகியிருந்தது. தம்பி ஜார்ஜ் புது அரசர். திருச்சபைக்கும் அவரே தலைவர். தலைவர் பெயரையே தப்பாகச் சொல்லும் கோயிலை பிஷப் சும்மா விடுவாரா?

ஆம்புரோஸ் டக்வெல் முப்பத்தெட்டு வருஷமாக அந்த ஆங்கில ஊர்த் தேவாலயத்தில் கோயில்பிள்ளை, ஆராதனைக்கு வேண்டியதை எடுத்துவைக்கும் ஊழியர். ஓர் அரசர் போய் அடுத்தவர் வந்தால், குருவானவரின் பெரிய ஜெபப் புத்தகத்தில், வாராவாரம் அரசருக்காக வேண்டும் இடத்தில், புதுப் பெயரை எழுதி ஒட்டுவது அவர் பொறுப்பு. ஜனவரியில்தான் ஜார்ஜ் மேல் எட்வர்டை ஒட்டியிருந்தார்.

புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கி வந்தார். "வேலை சுலபம் எடித். எட்வர்டை உரிச்சா அடியிலே பழைய ஜார்ஜ். அப்பா பேரும் மகன் பேரும் ஒண்ணுதானே!"

கத்தி நுனியால் நெம்பினார். எட்வர்டோடு ஜார்ஜில் பாதியும் கிழிந்து வந்தது.

"கத்தி எதுக்குங்க? கெட்டில் ஆவியிலே காட்டுங்க," என்றாள் மனைவி.

காட்டினார். மீதி ஜார்ஜும் கழன்றது. அதற்கடியில் இன்னொரு எட்வர்ட், ஓடிப்போன எட்வர்டின் தாத்தா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரும் சுருண்டு கெட்டில் மேல் விழுந்தார். பக்கத்தில் மிச்சம், அச்சிலேயே இருந்த பெயர்: மகாராணி விக்டோரியா.

எடித் கெட்டிலைத் தள்ளி வைத்தாள்.

"நான் பாட்டுக்குழுவிலே இருந்தப்போ இந்தப் பேருதான்," என்றார் டக்வெல். "யாரும் மாத்தவே வேண்டியிருக்கலை."

"மகாராணி பட்டமேறின அறுபதாம் வருஷ ஜூபிலி அன்னிக்குப் புல்வெளியிலே எல்லாருக்கும் டீ. என் புது கவுன்லே ஒரு கோப்பையைக் கொட்டினீங்க."

"வேணும்னுதான் கொட்டினேன். வேற எப்படி உன்கிட்ட பேச்சுக் கொடுக்கிறது?"

"நாப்பது வருஷமா இதைச் சொல்லவேயில்லையே, திருட்டு மனுஷா!"

சிரித்து முடித்து 'ஜார்ஜ்' என்று சீட்டு எழுதி ஒட்டினார்கள். ஈரத்தாளில் பசை வழுக்கியது. அடுப்பருகே உலர்த்தினார்கள், தாள் அப்பளம்போல் உப்பிக்கொண்டது, சீட்டு ஒரு மூலையில் மட்டும் தொங்கியது. இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்ததில் அந்த மூலையும் விட்டது. மறுபடி பசை, மறுபடி ஈரம். ஞாயிறு காலை மணி அடித்துவிட்டது. சீட்டை உரிய இடத்தில் சும்மா வைத்து, புத்தகத்தை மெல்ல மூடி, குழந்தையைத் தூக்குவதுபோல் கொண்டுபோய் மேசையில் கிடத்தினார்.

குருவானவர் லேசி எழுபத்தெட்டு வயதுக்காரர். ஜெப வேளையில் புத்தகத்தைத் திறந்தார். அவருடைய அங்கியின் அகலக் கை பக்கத்தின் மேல் உரசியது. 'ஜார்ஜ்' பறந்து, வட்டமடித்து, கர்னலின் பூட்ஸ் அருகே இறங்கினார்.

டக்வெல் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கள் மகாராணி விக்டோரியாவுக்கு," என்றது தளராத குரல், "நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருளும்."

மகாராணி இறந்து முப்பத்தைந்து வருஷம். குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. பிறகு முன் வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஆமென்." கர்னல்தான். தொடர்ந்து கோயிலே அதிர "ஆமென்" எழுந்தது. நரைத்த தலைகளில் பாதி கைக்குட்டையைத் தேடின.

ஆராதனை முடிந்ததும் கர்னல் டக்வெல் தோளைத் தட்டிவிட்டு வெளியேறினார். அப்படியும் டக்வெல்லுக்கு மனசு ஆறவில்லை. குருவானவரின் அங்கியைத் துவைக்க எடுத்துப்போக வந்த அவர் வீட்டுச் சமையல்காரி திருமதி பிம்மிடம் குமுறினார்.

"எல்லாம் என்னாலேம்மா. சீட்டு விழுந்துடுச்சு. பாவம், ஐயா புத்தகத்திலே இருந்ததை அப்படியே படிச்சுட்டாரு."

"படிச்சாரா? நல்லாச் சொன்னீங்க போங்க!" என்றாள் அவள், அங்கியை மடித்தபடி. "அவருக்கு எழுத்துக் கண்ணுக்குத் தெரியாமப் போயி மூணு வருஷம் ஆச்சு, எல்லாம் மனப்பாடம், 'இந்த வாரமாவது ஓடிப்போகாத ஒருத்தருக்காக வேண்டிக்கிறேன்'னு காலையிலே என்கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பினாரு."