மூன்றாம் ஓலையும் அப்பாவின் துப்பாக்கியும்

திருச்சுழி,
18-8-1971, புதன்கிழமை

மகா கனம் பொருந்திய அண்ணன் செல்வதுரை அவர்களுக்குத் தம்பி தாவீதுராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இங்கு யாவரும் சுகம். சென்னையில் தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கு சுகம் என்று எழுதியது கடிதத்தின் முறைமைக்காக மட்டுமே. நான் சரியாகத் தூங்கிப் பத்து நாளாகிறது. அதற்குக் காரணம் அப்பாவின் துப்பாக்கி. அது என் தலையில் வந்து விடிந்ததற்குக் காரணம் நீங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா கடைசிப் படுக்கையில் நம் இருவரையும் அருகே கூப்பிட்டு, "பெரியவனுக்குக் கடிகாரம், சின்னவனுக்குத் துப்பாக்கி, ரெண்டையும் ஒரே எடத்துல வச்சுராதீங்கப்பா" என்று சொன்னார்கள். நீங்கள் வெளியே வந்து, "தம்பிக்குத்தான் பெரிய சொத்து" என்று நாலு பேர் கேட்கச் சிரித்தீர்கள். அடக்கம் முடிந்த மறுநாளே கடிகாரத்தையும் அதன் சங்கிலியையும், சங்கிலியில் தொங்கும் அந்த இரும்புத் துண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். சின்ன வயதில் அது என்ன என்று கேட்டபோதெல்லாம் அப்பா "சாத்தானோட பல்லுடா, நாந்தான் புடுங்குனேன்" என்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். கடிகாரத்துக்கு லைசன்ஸ் வேண்டாம். தேர்தல் வந்தால் கடிகாரத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டாம். கடிகாரம் வைத்திருப்பவனை ஊர் பகைப்பதில்லை.

அப்பா இறந்ததைப் போலீசுக்குச் சொல்லாதே என்றுதான் எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். "பெரியய்யா காயிதத்துல உயிரோட இருந்துட்டுப் போறாக, ஒங்களுக்கு என்ன சார் நட்டம்?" என்றார் பக்கத்து நிலத்துக்கார ரத்தினம். பி.ஏ., எல்.டி. படித்து, பிள்ளைகளுக்கு முப்பது வருஷமாகக் குடிமைப் பயிற்சி நடத்துகிறவன் அப்படிச் செய்யலாமா? மூன்றாம் நாளே துப்பாக்கியையும் ஐந்து தோட்டாக்களையும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, என் பெயருக்கு லைசன்ஸ் கேட்டு மனுப் போட்டேன். நம் ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் மதுரையில் இருப்பதால் ஒன்பது முறை மதுரைக்குப் பஸ் ஏறினேன். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறைந்தது. குறை என் பக்கம்தான், அவர்கள் மேல் குற்றமில்லை. அதுதான் இன்னும் எரிச்சல், திட்டுவதற்குக்கூட ஆளில்லை. இந்த ஜனவரியில் லைசன்ஸ் வந்தது. துப்பாக்கியைத் துடைத்து வைத்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை, தேர்தல் வந்துவிட்டது, மறுபடியும் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன்.

திரும்பி வந்த பிறகு அதை வைத்திருந்த விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. துப்பாக்கி மர பீரோவில், சாவி என் இடுப்பில். தோட்டாக்கள் தகரப்பெட்டியில் பழைய பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில், சாவி உங்கள் தம்பி மனைவி அற்புதமேரியிடம். போன மாதம் விடியற்காலையில் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்து நம் கடலைக்காட்டில் இறங்கின. நான் பீரோவைத் திறந்துவிட்டேன். இவள் தகரப்பெட்டிச் சாவியைப் பத்திரமாக வைத்த இடத்தை நினைவுக்குக் கொண்டுவருவதற்குள் பன்றிகள் இரண்டு பாத்தியை முடித்துவிட்டன. "சீக்கிரம் தேடு" என்றதற்கு, "பன்னிக்கு ஒரு மனு எழுதிப் போடுங்க. தக்க காயிதங்களோட திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்றாள். அப்பா இருந்தவரை இப்படி நடந்ததில்லை. அப்பா காட்டுக்குள் நடந்துபோய்த் துப்பாக்கியைத் தூக்கினாலே பன்றிகள் ஓடும். அவர்கள் சுட்டு நான் பார்த்ததே இல்லை.

பன்றியையாவது பொறுக்கலாம், மனிதர்களைப் பொறுக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு அண்டா இரவல் கேட்பதைப்போல இங்கே துப்பாக்கியைக் கேட்கிறார்கள். நரிக்குடிப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருக்கும் ஒச்சம்மாள் வெற்றிலை பாக்கோடு வந்து, "வாத்தியாரய்யா, நரி ரெண்டு குட்டியத் தூக்கிட்டுப் போயிருச்சு. ஒரு நாளைக்குத் தாங்க, காலைல கழுவிக் கவுத்திக் கொண்டாந்து குடுத்துர்றேன்" என்றாள். லைசன்ஸ் பெற்றவன் தவிர வேறொருவர் அதைத் தொடக் கூடாது என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இல்லைன்னு சொல்றதுக்கா இம்புட்டுப் பேச்சு?" என்று சொல்லி வெற்றிலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்று உங்களுக்குத் தெரியாதா? எனக்கு ஒன்பது வயது, உங்களுக்குப் பன்னிரண்டு. அப்பா குளிக்கப் போன நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்து என் நெஞ்சுக்கு நேரே பிடித்து, "ஏலே, கையத் தூக்கு" என்றீர்கள். தூக்கினேன். ஈரத்துண்டோடு வந்த அப்பா அதை உங்கள் கையிலிருந்து வாங்கி மடக்கினார்கள். உள்ளே தோட்டா இருந்தது. அன்று அப்பா உங்களை ஓர் அடிகூட அடிக்கவில்லை. துப்பாக்கியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. இஸ்திரி மடிப்புக் கலைந்ததற்கு என்னை அடித்த மனிதர், உங்களை அடிக்கவில்லை. நாற்பத்தொரு வருஷமாகிறது. நான் மறக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் ஞானப்பூவை அருப்புக்கோட்டை இன்பராஜ் மகனுக்குப் பேசி முடித்தது தங்களுக்குத் தெரியும். பத்து விசைத்தறி ஓடுகிற வீடு, பையன் தங்கமானவன், ஞானப்பூவுக்கும் பிடித்திருக்கிறது. கோவிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. முதல் ஓலைக்கு முந்தின நாள் இன்பராஜ் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, "சம்பந்தி, மாப்பிள்ளை பஸ்ஸ விட்டு எறங்கும்போது வானத்தப் பாத்து ரெண்டே ரெண்டு வெடி. துப்பாக்கி உள்ள வீடுன்னு எங்க ஆளுகளுக்குச் சொல்லிட்டேன்" என்றார். வாயால் பதில் சொன்னால் கோபம் வந்துவிடும் என்று பயந்து, தலையை ஆட்டி அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஜனக்கூட்டத்தில் சுடுவது எந்தப் பிரிவின்படி குற்றம், மேலே போன ரவை கீழே யார் தலையில் இறங்கும், லைசன்ஸ் பயிர்க் காவலுக்கா மாப்பிள்ளை ஊர்வலத்துக்கா என்று மூன்று பக்கம். லைசன்ஸ் நிபந்தனைகளையும் பிரதி எடுத்து இணைத்தேன். பதிவுத் தபாலில் அனுப்பியது பிசகு என்று இவள் சொல்கிறாள். திங்கட்கிழமை இன்பராஜிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஒரே வரி: "மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டாம்."

ஞானப்பூ அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "நீங்க சொன்னது சரிதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடித்து வைத்துவிட்டாள். மூன்று பக்கத்தையும் ஒருவன் சரி என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவள் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே இந்தச் சனியனைச் சர்க்காரிடமே விட்டுவிட முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறேன். "பின்னாடி ஒங்க அண்ணன் வந்து என் பங்கு எங்கன்னு கேட்டா நான் எங்க போறது?" என்று ஏட்டையா சங்கையா கேட்பதால், ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டு மறுதபாலில் அனுப்பவும். இதற்காவது சுணக்கம் வேண்டாம். தாங்கள் கல்யாணத்துக்கு வர வேண்டியிராது. கல்யாணம் இல்லை.

அண்ணிக்கு என் ஸ்தோத்திரமும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும். சமாதானத்தின் தேவன் தங்களோடு இருப்பாராக, என்னோடு அவர் இருந்து நாளாகிறது.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி,
தாவீதுராஜ்

பி.கு.: தபால் கட்டு நேற்றே போய்விட்டதால் வியாழக்கிழமையான இன்று இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியதில் தேதியும் ஸ்தோத்திரமும் தவிர மற்றதை மறந்துவிடவும். கையெழுத்து வேண்டாம்.

ஏட்டையா பட்டாளத்தில் இருந்தவர். இத்தனை நாள் சீட்டுக் கட்டி மூலையில் சாத்தியவர், இன்று ஒரேயடியாக வாங்குவதால் துப்பாக்கியை மடக்கி உள்ளே பார்த்தார். "சார், ஊசி எங்க?" என்றார். எந்த ஊசி என்றேன். "விசைய அமுக்குனா தோட்டாவப் போயிக் குத்துமே, அந்த ஊசி. யாரோ கழட்டிப் பல வருசமாச்சு, எடமே துருப்புடிச்சுக் கெடக்கு. இத வச்சுப் பன்னிய அடிக்கலாம், சுட முடியாது. இது ஒலக்கை சார்." ஸ்டேஷனே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சுண்டுவிரல் நுனியளவு இரும்பு, முனை மழுங்கினது என்று அவர் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா பிடுங்கிய, உங்கள் சங்கிலியில் தொங்கும் பல் அது. நாம் இருவரும் ஒற்றுமையாக ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஒழிய அந்தத் துப்பாக்கி வெடிக்காதபடி பங்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைவிடப் பத்திரமான பூட்டு கிடையாது. என்னுடைய இரண்டு சாவியும் எதற்கு?

செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டது. சாயங்காலம் இன்பராஜ் வந்து வாசலிலேயே நின்று, "வெடிக்காத துப்பாக்கிக்கா சம்பந்தி மூணு பக்கம் எழுதுனீக?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. வக்கீல் நோட்டீசு மாதிரி தபால்காரன்கிட்டக் கையெழுத்துப் போட்டு வாங்க வச்சுட்டீகளே" என்றார். நியாயம்தான், அவரிடம் அதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கப்படும். ஞானப்பூ ரவிக்கையை மறுபடி எடுத்துவிட்டாள். வெடிக்குப் பதிலாகப் பெண்ணின் பெரியப்பா பஸ் படியருகே நின்று மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டும் என்பது இன்பராஜின் நிபந்தனை. அதனால் வாருங்கள்.

வரும்போது சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வரவும். துப்பாக்கியின் உறுப்பு எதையும் லைசன்ஸ் இல்லாமல் வைத்திருப்பது சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பதற்குச் சமம். ஏட்டையாவிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன், உங்கள் பெயரைச் சொல்லவில்லை. இந்த இரண்டு வருஷமாக நம் குடும்பத்தில் கள்ளத் துப்பாக்கி வைத்திருந்தது நீங்கள்தான் என்று எழுதும்போது, அண்ணன், நெடுநாளைக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வருகிறது.