ஆறு கலியாணக் கார்ட்டும் ஒரு ஜேர்மன்காரியும்

நேற்று எனக்கு ஒரேயொரு வேலைதான். விடுமுறைக்கு வந்த ஒரு ஜேர்மன்கார மனிசியை ஆட்டோவில ஏத்தி மன்னாரைச் சுத்திக் காட்ட வேணும்.

டவுனில கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற அண்ணர் முதல் நாளே சொல்லிப்போட்டார். "தம்பி, இவ சந்தோசமாத் திரும்பி வந்தாவெண்டால், இனி என்னட்டை வாற ஆக்கள் எல்லாரையும் உன்ர ஆட்டோவிலதான் விடுவன். சொதப்பினியெண்டால் வேற ஆளைப் பாப்பன்."

பேர் ஹெல்கா. அறுபத்தெட்டு வயசு. தலையில பெரிய தொப்பி, கையில லிஸ்ட். தலைமன்னார் பழைய இறங்குதுறை, வெளிச்சவீடு, அடி பெருத்த பழங்காலப் பெருக்கமரம், கோட்டை.

நாலே நாலு இடம். கண்ணை மூடிக்கொண்டு காட்டிப்போடுவன்!

காலமை வீட்டால வெளிக்கிடேக்க எங்கட அம்மா பின்னால ஓடி வந்தா. "தலைமன்னார் றோட்டாலதானே போறாய்? தங்கச்சியின்ர கலியாணக் கார்ட் ஆறு மிச்சம் கிடக்கு. ஆறு வீடும் அந்த றோட்டிலதான். குடுத்திட்டுப் போ."

ஏலாதெண்டு சொல்லியிருக்க வேணும். நான் சொன்னது, "தாங்கோ, அஞ்சு நிமிச வேலை."

கலியாணக் கார்ட்டை அஞ்சு நிமிசத்தில குடுக்கலாமெண்டு நினைச்ச ஒரே மன்னாரான் நான்தான். எங்கட ஆக்களுக்குக் கேற்றில நிண்டு நீட்டேலாது. உள்ளுக்குப் போக வேணும். கதிரையில இருக்க வேணும். மாமாவும் மாமியும் சோடியா நிக்கேக்க ரெண்டு கையாலயும் குடுக்க வேணும். பிறகு தேத்தண்ணி. குடிக்காமல் எழும்பினால் ஒருத்தரும் கலியாணத்துக்கு வரமாட்டினம்.

முதல் வீடு பேசாலையில, பெரிய மாமி வீடு. ஹெல்காவை ஆட்டோவில இருக்கச் சொல்லிப்போட்டு உள்ள ஓடினன்.

மாமி யன்னலால எட்டிப் பார்த்தா. "அட பாவி! வெய்யிலுக்க ஒரு மனிசியை விட்டிட்டு வாறியே? கூட்டிக்கொண்டு வாடா உள்ள!"

ஹெல்கா வந்தா. கதிரை வந்துது. தேத்தண்ணி வந்துது. கேக் வந்துது. மாமாதான் வரேல்ல, குளிக்கப் போயிருந்தார்.

அந்த இடைவெளியில மாமி என்னைக் குசினிக்குள்ள இழுத்தா. "தங்கச்சிக்கு ஒழுங்காகிட்டுது. அப்ப உனக்கு எப்ப?" பிறகு குரலைத் தாழ்த்தி, "இவதானோ?"

"மாமி! அவவுக்கு அறுபத்தெட்டு!"

"அதுக்கென்ன, ஆள் நல்ல திடமாத்தானே இருக்கிறா."

அதோட விட்டாவா? மாமாவும் வந்து கார்ட்டை வாங்கின பிறகு புதுசா ஒண்டு துவங்கினா. "அவவைப் பக்கத்தில வச்சுக்கொண்டு எங்களுக்கு மட்டும் தாறாய். அவ என்ன நினைப்பா? அவவுக்கும் ஒண்டு குடு!"

என்ன செய்ய? ஒரு கவரில 'திருமதி ஹெல்கா குடும்பம்' எண்டு எழுதி, ரெண்டு கையாலயும் குடுத்தன். மனிசி அதை நெஞ்சோட அணைச்சுக்கொண்டா.

இப்ப கையில நாலு கார்ட். போக வேண்டியது அஞ்சு வீடு. பிறகு பாப்பமெண்டு ஆட்டோவை எடுத்தன்.

ரெண்டாம் வீடு, தேத்தண்ணி. மூண்டாம் வீடு, தேத்தண்ணியும் ரோல்ஸும். போதுமெண்டால் "காணும்" எண்டு சொல்ல ஹெல்காவைப் பழக்கினன். அவ சொல்லச் சொல்ல, வெள்ளைக்காரி தமிழ் கதைக்கிறா எண்ட சந்தோசத்தில இன்னும் ஊத்திச்சினம்.

நாலாம் வீட்டில நண்டுக் கறியோட சோறு. அஞ்சாம் வீட்டில சாப்பிட்ட களைக்கு இளநி. எல்லா வீட்டிலயும் அதே கேள்வி, "அப்ப உனக்கு எப்ப?" ஹெல்கா வழியில ஆசையாப் படம் எடுத்தது றோட்டை மறிச்சுக்கொண்டு நிண்ட கழுதையளைத்தான்.

நேரம் அஞ்சு மணி. லிஸ்டில ஒண்டும் பாக்கேல்ல. கார்ட்டும் முடிஞ்சுது. மிச்சம் தலைமன்னார் எமில்டா சித்தி வீடு. பேசாமல் தாண்டிப் போவமெண்டு ஆட்டோவை முறுக்கினன்.

சித்தி நடு றோட்டில நிக்கிறா!

"பெரிய மாமி காலமையே ஃபோன் எடுத்துச் சொல்லிப்போட்டா. பத்து மணியில இருந்து வழி பாத்துக்கொண்டு நிக்கிறன். வாங்கோ, வாங்கோ!"

என்ர முழியைப் பாத்த ஹெல்கா என்னெண்டு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன். அவ மெல்லத் தன்ர கார்ட்டை எடுத்து என்ர கையில வச்சா. தெய்வம்! அதை அப்பிடியே பவ்வியமாச் சித்தியிட்டக் குடுத்தன்.

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமா வாசிச்சா. "திருமதி ஹெல்கா குடும்பம்." நிமிந்து பார்த்தா. "ஆரடா ஹெல்கா?"

தன்ர பேர் கேட்டதும் ஹெல்கா சந்தோசமாக் கையை உயர்த்தினா.

"ஓ! உன்னைத் தூக்கி வளத்த எனக்கு, வெள்ளைக்காரியின்ர கார்ட்டோ?" சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திட்டா. தங்கச்சியின்ர கலியாணம் என்னால குழம்பப் போகுதெண்டு உண்மையாவே பயந்திட்டன்.

ஹெல்கா என்ர சேட் பொக்கற்றில இருந்த பேனையை எடுத்தா. கவரில தன்ர பேருக்குப் பக்கத்தில சித்தியின்ர பேரைக் கேட்டுக் கேட்டு எழுதினா. பிறகு சித்தியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, ரெண்டு பேரும் ஒரே குடும்பமெண்டு சைகை காட்டினா.

சித்தி சிரிச்சிட்டா. தேத்தண்ணி வந்துது.

பிறகென்ன, சித்தி வீட்டுப் பின்வளவில நிண்டு இறங்குதுறையைக் காட்டினன். "அந்தா, தூரத்தில கறுப்பாத் தெரியுதெல்லோ, அதுதான்." வெளிச்சவீடு தென்னைமரத்துக்குப் பின்னால. திரும்பி வரேக்க இருட்டிப்போச்சுது. கோட்டை இருக்கிற பக்கம் கையைக் காட்டினன். இருட்டில எல்லா மரமும் பெருக்கமரம்தான், ஒண்டைக் காட்டிவிட்டன்.

இண்டைக்குக் காலமை கெஸ்ட் ஹவுஸ் அண்ணரின்ர ஃபோன். "டேய், என்னத்தையடா காட்டினாய் அந்த மனிசிக்கு?"

முடிஞ்சுது என்ர சீவியம்.

"இலங்கையில தான் கண்டதிலேயே இதுதான் திறமான நாளெண்டு எழுதி வச்சிட்டுப் போட்டா! திங்கட்கிழமை அவவின்ர சிநேகிதர் நாலு பேர் வருகினம். அவையளுக்கும் இதே சுற்றுலாதான் வேணுமாம்."

துள்ளிக்கொண்டு போய் அம்மாவிட்டக் கேட்டன், கார்ட் இன்னும் இருக்கோ எண்டு.

"எல்லாம் முடிஞ்சுது. இனி உன்ர கலியாணத்துக்குத்தான் அடிக்க வேணும்" எண்டா.

திங்கட்கிழமைக்கு முதல் ஆரும் பொம்பிளை இருந்தால் சொல்லுங்கோ.