மேனேஜர் கொடுத்த கஷாயம்

"வயித்தால போகுது சார். நிக்கவே மாட்டேங்குது. இன்னைக்கு எழுந்து நடமாட முடியும்னு தோணல."

மேனேஜரிடம் போனில் இப்படி முனகி முடித்தவன், கண்ணாடியின் முன் நின்று டை முடிச்சைச் சரிசெய்துகொண்டான்.

தண்ணீர்க் குழாய் விற்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. கட்டடம் எழும்பும் இடங்களுக்குப் போய், எங்கெங்கே எவ்வளவு குழாய் போகும் என்று அளந்து சொல்லவேண்டும். எந்நேரமும் இடுப்பில் அளவுநாடா தொங்குவதால் ஆபீசில் அவன் பெயர் டேப். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் உபயோகத்துக்கு வரும். அதே ஊரில் போட்டிக் கம்பெனி ஒன்று புதிதாகக் கிளை திறக்கிறது. கிளைக்குத் தலைவராக ஆள் தேடுகிறார்கள். மதியம் டேப்புக்கு நேர்காணல்.

"பொய்தான் சொல்றீங்க, கௌரவமா ஒரு தலைவலின்னு சொல்லக் கூடாதா?" என்றாள் மனைவி.

"தலைவலின்னா மாத்திரை போட்டுட்டு வாம்பார். வயித்துப்போக்குன்னா ஒரு பய மேற்கொண்டு கேள்வி கேக்க மாட்டான்."

அரை மணி நேரம் கழித்து, அவன் ஷூவை மாட்டி முடித்தபோது வாசல் மணி அடித்தது. கதவின் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தவள் பேயறைந்ததுபோல் திரும்பினாள்.

"உங்க மேனேஜர்."

டேப்புக்கு ஒரு கணம் நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. ஷூவோடும் டையோடும் கட்டிலில் பாய்ந்து போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

மேனேஜர் உள்ளே வந்தார். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் பை. பக்கத்துத் தெருக்காரர் என்பது டேப்புக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எப்படி இருக்காரும்மா?"

மனைவி, புருஷனுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "அதை ஏன் கேக்கறீங்க சார், விடிஞ்சதுலேருந்து பாத்ரூமே கதின்னு கிடக்கறார். பாதி ஆளாயிட்டார்" என்றாள்.

மேனேஜரின் முகம் இருண்டது. "அவ்வளவு மோசமா? அப்போ எல்லாத்தையும் குடுத்துட வேண்டியதுதான்."

எல்லாத்தையும் என்றால் எதையெல்லாம் என்று கேட்க டேப்புக்குத் தைரியம் வரவில்லை. பிளாஸ்க்கிலிருந்து செம்மண் கரைத்ததுபோல் ஒன்று டம்ளரில் இறங்கியது.

"மாதுளம் பழத் தோலு. நல்லா சுண்டக் காய்ச்சினது. தம்பி, நாம குழாய்க்காரங்க, உங்களுக்குச் சொன்னா புரியும். குடல்ங்கறது ஒரு குழாய். இப்ப அதோட உள்சுவர் பூரா கசியுது. இந்தத் துவர்ப்பு இருக்கு பாருங்க, அது சுவர்ல இருக்கற புரதத்தைப் பிடிச்சு இறுக்கி, மேல ஒரு பூச்சு மாதிரி படிஞ்சிடும். கசிவு குறையும். குடிங்க."

டேப் குடித்தான். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. கன்னங்கள் உள்வாங்கின. வாயே இந்தப் பாடு படுகிறதென்றால் உள்ளே என்ன நடக்கும் என்று நினைக்கவே திகிலாக இருந்தது.

"போயிட்டு வாங்க. குணம் தெரியுதான்னு பாப்போம்."

போர்வையைச் சுற்றிக்கொண்டே பாத்ரூமுக்குப் போனான். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? குவளையில் தண்ணீர் மொண்டு உயரத்திலிருந்து தாராளமாக ஊற்றினான்.

கதவுக்கு வெளியிலிருந்து மேனேஜரின் குரல் கேட்டது. "கேக்குது தம்பி, கேக்குது. வெறும் தண்ணியாப் போகுது. மாதுளை போதல."

வெளியே வந்தபோது அடுத்த டம்ளர் தயாராக இருந்தது. இது பச்சை நிறம்.

"கொய்யா இலை. கசிவு ஒரு பக்கம்னா, குடலு அவசர அவசரமாச் சுருங்கிச் சுருங்கித் தள்ளுது பாருங்க, அது இன்னொரு பக்கம். பம்பு வேகமா ஓடற மாதிரி. இந்த இலையில இருக்கற சத்து அந்தத் தசையைச் சாந்தப்படுத்தும். ஓட்டம் நிதானமாகும். உள்ளே இருக்கற தண்ணியை உடம்பு திரும்ப உறிஞ்சிக்க நேரம் கிடைக்கும்."

"சார், இப்பவே நிதானமாயிடுச்சு சார். நின்னே போச்சு" என்றான் டேப் அவசரமாக.

"நின்னுடுச்சா? அப்போ கிளம்புங்க, ஆபீசுக்குப் போயிடலாம். வண்டி கீழேதான் நிக்குது."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாயிற்று. டேப் போர்வையோடு சேர்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இல்ல சார், மறுபடியும் வருது" என்று பாத்ரூமுக்கு ஓடி இன்னும் இரண்டு குவளை சேர்த்து ஊற்றினான். திரும்பி வந்து கொய்யா இலைக் கஷாயத்தையும் குடித்தான்.

மேனேஜர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். "வயித்தைத் தட்டிப் பாக்கணும். போர்வையை எடுங்க."

"வேண்டாம் சார், குளிருது."

"என்கிட்ட என்ன வெக்கம்?"

ஒரே இழுப்பு. போர்வை கையோடு வந்துவிட்டது. பளபளக்கும் ஷூ, மடிப்புக் கலையாத கால்சட்டை, நீலப் பட்டு டை. மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மேனேஜர் டையைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். பிறகு போர்வையைத் திரும்பப் போர்த்திவிட்டார்.

"காய்ச்சல் நடுக்கம்னா கையில கிடைச்சதை எல்லாம் போட்டுக்கத் தோணும். நான் பாத்திருக்கேன்."

இப்படி ஒரு மனிதரையா ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று டேப்புக்குக் கண் கலங்கியது. அந்தக் குற்ற உணர்ச்சியில், அடுத்து நீட்டிய இசப்கோலை வாங்கி விழுங்கினான்.

"இது ஒரு விதையோட உமி. உள்ளே இருக்கற தண்ணியை எல்லாம் உறிஞ்சி உப்பிக்கும். கூழு மாதிரி கெட்டியாக்கிக் குடுத்துடும்." மேனேஜர் எழுந்து மனைவியின் பக்கம் திரும்பினார். "ஒண்ணு சொல்றேன்மா. இலையும் தோலும் போறதை நிறுத்தும், அவ்வளவுதான். இழந்த தண்ணியைத் திருப்பித் தராது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. முக்கியமா ஆளை வெளியில விடாதீங்க. நடுத்தெருவுல ஏதாவது ஆச்சுன்னா மானம் போயிடும்."

அவர் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் டேப் துள்ளி எழப் பார்த்தான். முடியவில்லை. நோயே இல்லாத வயிற்றில் மூன்று மருந்தும் சேர்ந்து வேலையைத் தொடங்கியிருந்தன. சிமெண்டு மூட்டையைக் கட்டிவைத்ததுபோல் அடிவயிறு கனத்தது.

"சுடுதண்ணி குடிங்க, கரைஞ்சிடும்" என்றாள் மனைவி.

குடித்தான். இசப்கோலுக்கு அதுதான் வேண்டியிருந்தது. குடித்த தண்ணீரை எல்லாம் வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு சுற்று உப்பியது. கால்சட்டைப் பொத்தான் தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடியது. அவள் ஊசி நூலோடு தேட, அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, கடிகாரம் யாருக்காகவும் நிற்கவில்லை.

"இந்த நிலைமையில போகத்தான் வேணுமாங்க?"

"குழாயை அளந்து அளந்தே எனக்கு வயசாகுதுடி. உருண்டாவது போறேன்."

கிட்டத்தட்ட உருண்டுதான் போனான். ஆட்டோவின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்தான். புதிய அலுவலகத்தின் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நிறைமாதக் கர்ப்பிணிபோல் இடுப்பில் கைவைத்து ஏறினான். அறை வாசலில் ஒரு கடைநிலை ஊழியர் நாற்காலிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே விளக்கை அணைத்திருந்தார்கள்.

"நேர்காணல்..." என்றான் டேப் மூச்சு வாங்க.

"முடிஞ்சு போச்சே சார். ரெண்டே பேரைத்தான் கூப்பிட்டிருந்தாங்க. நீங்க?"

டேப் தன் பெயரையும் கம்பெனியின் பெயரையும் சொன்னான்.

ஊழியர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவனைத் தலையிலிருந்து கால்வரை திகைப்போடு பார்த்தார்.

"நீங்களா சார் அது? பாவம், வயித்துப்போக்குல எழுந்திருக்க முடியாமக் கிடக்கறார், இப்பத்தான் நானே மருந்து குடுத்துப் படுக்க வெச்சுட்டு வர்றேன்னு சொல்லித்தானே உங்க மேனேஜர் இந்த வேலையை வாங்கிட்டுப் போறார்."