ரப்பர் அண்ணனும் எங்கள் காரின் ஸ்டியரிங்கும்

பினாங்குத் தீவு இத்தனை காலமாகக் கடலில் ஆடாமல் நிற்பதற்கு ரப்பர் அண்ணன்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். தீவுக்கு அடியில் ஏதாவது ஒரு மூலையில் மனுஷன் ஒரு ரப்பர் துண்டைச் செருகிவிட்டுத்தான் போயிருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. டத்தோ கிராமாட் சாலையில் ஒரு சீனர் காப்பிக்கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கார் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கால்சட்டைப் பை இரண்டிலும் எப்போதும் ரப்பர் துண்டுகள் இருக்கும். ஆடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. காப்பிக்கடையில் உட்கார்ந்ததும் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். ஆடினால் குனிந்து காலுக்கடியில் ஒரு துண்டைச் செருகுவார். பிறகு உள்ளங்கையை மேசைமேல் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அழுத்திப் பார்ப்பார். "ம், நிக்குது" என்பார். அதற்கப்புறம்தான் காப்பி.

ஒரு கல்யாணத்தில், தாலி கட்டப் போகிற நேரத்தில் ரப்பர் அண்ணனைக் காணோம். மணவறைக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "கட்டுங்க, கட்டுங்க. இப்ப நிக்குது." மாப்பிள்ளை பயந்து போய் இரண்டாவது முடிச்சைக் கோட்டைவிடப் பார்த்தார். பல் ஆடுகிறவர்கள் அவர் எதிரே வாயைத் திறப்பதில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு. அது மட்டும் நான் நேரில் பார்த்ததல்ல.

காப்பிக்கடைக்காரர் ஒருநாள் அவரைச் செல்லமாக 'துக்காங் காயு' என்று கூப்பிட்டுவிட்டார். மலாய் மொழியில் தச்சர் என்று அர்த்தம். அவ்வளவுதான், மூன்று மாதம் அந்தக் கடையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நான் மெக்கானிக்லா தம்பி. மேசையப் பாக்கறது என் கைப்பழக்கம், என் தொழில் இல்ல" என்று என்னிடம் வந்து பொருமினார். தச்சுத் தொழில் மட்டமென்று அவர் நினைத்ததில்லை. தன் தொழிலை யாராவது மாற்றிச் சொன்னால் அவருக்குத் தாங்காது.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். நல்ல கார்களையெல்லாம் பட்டாளத்துக்கென்று ஓட்டிக்கொண்டு போனார்கள். கெலுகோரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்ற காரை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா விட்டுப்போன பழைய கார் அது. நான் ஆபீசில் எழுத்துவேலை பார்க்கும் ஒரு சாதாரணக் கிராணி. கார் வைத்துக்கொள்கிற தகுதியெல்லாம் எனக்குக் கிடையாது. பெட்ரோல் கிடைக்காது. ரப்பரைக் காய்ச்சி இறக்கிய ஓர் எண்ணெயை ஊற்றினால் இருமிக்கொண்டே ஓடும். இருந்தாலும் அந்தக் காரை நான் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியதற்குக் காரணம் இருந்தது. என் மனைவி கமலத்துக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிரசவத்தில் வலி கண்டபோது வண்டி கிடைக்காமல், பிள்ளையைப் பறிகொடுத்திருந்தோம். இந்த முறை ஆஸ்பத்திரியில்தான் பிறக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

காரின் ஸ்டியரிங் ஒரு தனி ரகம். கால் சுற்றுத் திருப்பிய பிறகுதான் முன்சக்கரங்களுக்குச் செய்தி போய்ச் சேரும். ஒருநாள் டத்தோ கிராமாட் சாலையில் நான் அதை ஓட்டிப் போனபோது ரப்பர் அண்ணன் சத்தத்தைக் கேட்டே நடுத்தெருவுக்கு ஓடி வந்துவிட்டார்.

"நிப்பாட்டு தம்பி. வாயும் வயிறுமா இருக்கற புள்ளைய இந்தக் கெரேத்தாவுலயா கூட்டிட்டுப் போகப் போற? புஷ் தேஞ்சு போச்சு." கெரேத்தா என்றால் மலாயில் கார்.

"மெதுவாப் போனா சமாளிக்கலாம்ணே."

"நீ சமாளிப்ப. என்னால முடியாது. எறங்கு."

புஷ் என்றால் பெரிய சமாசாரமில்லை. சக்கரங்களைத் திருப்புகிற பல்லுக்கம்பி ஒரு குழாய்க்குள் ஓடும். அந்தக் கம்பி ஆடாமல் குழாயின் இரண்டு முனையிலும் பிடித்து உட்கார்ந்திருக்கும் வளையம்தான் புஷ். தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் சாமான் வர வேண்டிய கப்பல் எதுவும் அப்போது வரவில்லை. ரப்பர் அண்ணன் நிபோங் திபாலுக்குப் போய், நிபோங் பனையின் வயிரம் பாய்ந்த துண்டு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். செதுக்கி, குடைந்து, செம்பனை எண்ணெயில் போட்டு இரண்டு நாள் கொதிக்கவிட்டார். ஊரே மரவள்ளிக் கிழங்கில் உயிர் வாழ்ந்த காலம். எண்ணெய் கொதிக்கும் வாசனைக்கு ஆட்கள் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். சட்டிக்குள் மரக்கட்டையைப் பார்த்ததும் பாவம், வெறும் தட்டோடு திரும்பிப் போனார்கள்.

"மரத்துல புஷ்ஷாண்ணே?" என்று கேட்டேன்.

"மரம்னு சொல்லாத. புஷ்ஷுன்னு சொல்லு."

மாட்டி முடித்து, ஸ்டியரிங்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "ம், நிக்குது." ஓட்டிப் பார்த்தேன். விரலால் தொட்டாலே கார் சொன்னபடி கேட்டது. கமலம் முன் சீட்டில் உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நாலு நாள்கூட நீடிக்கவில்லை. மிச்சமிருக்கும் கார்களையெல்லாம் கடற்கரைத் திடலுக்குக் கொண்டுவர வேண்டும், நல்ல ஓட்டமுள்ளவை பட்டாளத்துக்கு என்று உத்தரவு வந்தது. பழைய ஸ்டியரிங் இருந்திருந்தால் சீ என்று தள்ளிவிட்டிருப்பார்கள். இப்போதோ கார் மாப்பிள்ளை மாதிரி நின்றது. நான் ரப்பர் அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, பழைய புஷ்ஷையே திருப்பி மாட்டிடுங்க. ஒருநாளைக்குத்தான்."

அவர் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "தேஞ்ச சாமான என் கையாலயா? எவன்கிட்டயாவது போய்ச் செஞ்சுக்க. நான் செய்ய மாட்டேன்."

மறுநாள் கமலம் தானே மாட்டுவண்டி பிடித்துக் கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னால் நின்றேன். அவள் அழவில்லை.

"அண்ணே, போன தடவ வண்டி இல்லாமத்தான் புள்ளைய விட்டோம். இந்தத் தடவ வண்டி இருக்கு. அதையும் விடச் சொல்றீங்களா?"

ரப்பர் அண்ணன் டப்பாவிலிருந்து தேய்ந்த புஷ் இரண்டையும் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார். அன்று மாட்டி முடித்தபின் உள்ளங்கையை வைத்துப் பார்க்கவில்லை. மதியச் சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார்.

திடலுக்கு அவரும் கூடவே வந்தார். சோதனை முடிந்ததும் அங்கேயே நல்ல புஷ்ஷை மாட்டிவிட வேண்டுமாம். ஆடுகிற காரில் வீடுவரை திரும்பி வர அவரால் முடியாதாம். மர வளையங்கள் இரண்டும் பையில் ரப்பர் துண்டுகளோடு கிடந்தன.

அதிகாரி ஒருவர் திடலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்று, இடுப்பு வளையக் கும்பிட்டோம். சிப்பாய் ஒருவன் எங்கள் காரை ஒரு சுற்று ஓட்டினான். அது குடித்தவன் நடை நடந்தது. நான் உள்ளுக்குள் குலதெய்வத்துக்கு நன்றி சொன்னேன். அதிகாரி ஏதோ எழுதக் குனிந்தார். மேசை ஆடியது.

பக்கத்தில் திரும்பினேன். ரப்பர் அண்ணனின் கை பைக்குள் போய்க்கொண்டிருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். மேசை மறுபடியும் ஆடியது. என் கையை உதறிவிட்டுப் போய், துப்பாக்கி பிடித்த இரண்டு சிப்பாய்களுக்கு நடுவில் மண்டியிட்டு, காலுக்கடியில் ஒரு துண்டைச் செருகிவிட்டார். உள்ளங்கையையும் மேசைமேல் வைத்துவிட்டார்.

அதிகாரி மேசையைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு எங்கள் காரைப் பார்த்தார். அவருக்குச் சந்தை மலாய் கொஞ்சம் தெரியும். இவ்வளவு கைத்திறமை உள்ளவன் கூட வந்த கார் ஏன் இப்படி ஆடுகிறது, நீ மெக்கானிக்கா என்று கேட்டார். பையைக் கொட்டச் சொன்னார். ரப்பர் துண்டுகளோடு அந்த இரண்டு மர வளையங்களும் எண்ணெய் மினுக்கத்தோடு மேசைமேல் உருண்டன.

இது என்ன என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார். கார் போனால் போகட்டும், தலை நிற்குமா என்பதுதான் அப்போது என் கவலை. இருந்தாலும் கமலத்தின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

ரப்பர் அண்ணன் நெற்றி மேசையில் படக் குனிந்தார்.

"துக்காங் காயு, துவான்" என்றார். தச்சன், ஐயா. "இது மேசைக் காலுக்கு மாட்டுற வளையம். கெரேத்தா வேல எனக்குத் தெரியாது."

மலாயில்தான் சொன்னார். காப்பிக்கடையில் மூன்று மாதம் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் வைத்த அதே வார்த்தை. தச்சனுக்குக் காரில் என்ன வேலை என்று அதிகாரி என்னைப் பார்த்தார். "தனியா ஓட்டப் பயம், துவான். துணைக்கு வந்தாரு" என்றேன். அன்று நான் சொன்னதில் அந்தப் பயம் ஒன்றுதான் முழு உண்மை. ஓட்டிய சிப்பாய் வாய்விட்டுச் சிரித்தான். அதிகாரி எங்கள் கார் பானெட்டில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிய பெருக்கல் குறி போட்டு, கொண்டு போ என்று கையை வீசினார். மர வளையங்களையும் ரப்பர் துண்டுகளையும் வாரிக்கொண்டு கிளம்பினோம்.

திடலைத் தாண்டி ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். அவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டார். மர வளையங்களை மாட்டத் தொடங்கினார்.

"அண்ணே, தப்பு என்னோடதுதான். உங்களை அப்படிச் சொல்ல வச்சுட்டேன்."

"தங்கச்சிகிட்ட சொல்லிடாத" என்று மட்டும் அடியிலிருந்து குரல் வந்தது. நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். கமலம் அப்போதுதான் அழுதாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு விடியற்காலையில் வலி கண்டது. நேர்கோடு போட்ட மாதிரி கார் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றது. செய்தி கேட்டு ரப்பர் அண்ணனும் வந்து சேர்ந்தார். தாழ்வாரத்துப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார், குனிந்து நாலு காலையும் சோதித்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் உட்கார்ந்து பார்த்தபிறகுதான் ஆடிக்கொண்டிருந்தது நான் என்று கண்டுபிடித்தார். உள்ளங்கையை என் தோள்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே என் மகளின் அழுகைக் குரல் கேட்கும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.